யார் சொல்லி வந்தாய்?

1972 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து நாங்கள் நால்வர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தோம். தாராவியில் தோல் கிடங்கு ஒன்றின் வாயிலில் தகரப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நின்றோம். உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் படிப்பைக் கேட்கவில்லை, வயதையும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, "யாரு சொல்லி வந்திய?" என்ற ஒன்றை மட்டுமே கேட்டார். எங்களுள் ஒருவரின் தாய்மாமன் பெயரைச் சொன்னோம். "அவனுக்கு வேண்டிய பிள்ளைகளா? சரி, நாளைக்கு வாங்க" என்றார். அன்றிரவே படுக்க இடமும், மறுநாள் முதல் வேலையும் கிடைத்தன. எங்கள் நேர்மைக்கு மாமன் பிணை நின்றார். மாமனின் சொல்லுக்கு, அவர் அங்கே பல்லாண்டு உழைத்த உழைப்பு பிணை நின்றது.

பிழைக்க வந்த தமிழர் பெரும்பாலோர் இக்கேள்விக்கு விடை சொல்லித்தான் இம்மாநகரில் கால் ஊன்றினர். ஆலையாயினும் அலுவலகமாயினும், மாதுங்காவின் உணவு விடுதியாயினும், வாயிலில் இக்கேள்வி காத்திருந்தது. பின்னாளில் நாங்களும் ஊரிலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்களுக்காகப் பிறரிடம் சொல்லியிருக்கிறோம். கடன் பத்திரங்களில் கையெழுத்தும் இட்டிருக்கிறோம். அந்தப் பழங்கேள்வி வேறோர் உருவில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வரும் என்று மட்டும் நினைக்கவில்லை. 2008 இல் எங்கள் மகன், தான் திரைப்பட இயக்குநராகப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டபோது அது வந்தது.

முதல் மாதத்திலேயே கோரேகாவ்ன் பக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் ஏறி இறங்கிக் களைத்து வந்தான். நாங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. இரவுச் சோற்றின் முன் அமர்ந்து, "என்ன தெரியும்னு யாரும் கேக்கல, அப்பா. யாரைத் தெரியும்னுதான் கேக்காங்க" என்றான். அவன் நொந்து சொன்னது எங்கள் காதில் பழைய பாட்டாகவே ஒலித்தது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம். ஆயினும், கோடிக் கணக்கில் பணம் புரளும் ஒரு தொழிலிலும் தோல் கிடங்கின் வழக்கமே நடப்பது ஏன் என்ற ஆவல் அன்றே எங்களுக்குள் எழுந்தது. அன்று முதல் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

எந்தச் செய்தித்தாளிலும் 'இயக்குநர் தேவை' என்ற விளம்பரத்தை நாம் கண்டதில்லை. காரணம் எளிது. தச்சன் செய்த முக்காலியை ஆட்டிப் பார்த்து வாங்கலாம். தையற்காரர் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கலாம். திரைப்படம் அத்தகைய பொருளன்று. பணம் முழுவதும் செலவான பின்னரே அது கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் பிறவாத ஒன்றுக்காகத் தயாரிப்பாளர் தம் கைப்பொருளையும், கடன் வாங்கிய பிறர் பொருளையும் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். ஆகவே அவர் தேடுவது திறமையை மட்டுமன்று, அத்திறமைக்கு ஒரு சாட்சியை. இயக்குநர் அமர்த்தப்படும் வரலாறு முழுவதும், அச்சாட்சியாக எது ஏற்கப்பட்டது என்பதன் வரலாறே எனலாம்.

தமிழ்ப் படவுலகின் தொடக்க நாளிலேயே இதற்கு வியப்பான சான்று உண்டு. எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர்; தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தம்முடன் பயின்ற மாணிக்லால் டாண்டனுடன் 1935 இல் இந்தியாவுக்கு வந்தார். டாண்டன் 'நந்தனார்' படத்தில் ஈடுபட்டிருந்த சமயம், 'சதி லீலாவதி'யை இயக்கும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. தமக்குப் பதிலாகத் தம் நண்பரை அவர் பரிந்துரைத்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய அப்படம் 1936 இல் வெளிவந்தது. பின்னர் டங்கன் 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' வரை தமிழர் போற்றும் படங்களைத் தந்தார். மொழி தெரியாமை அவருக்குத் தடையாகவில்லை, நண்பரின் சொல் இருந்தமையால். தமிழ் தெரிந்த எத்தனை பேர் அச்சொல் இன்றி அதே வாயிலில் நின்று திரும்பியிருப்பர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

நண்பரின் சொல் பம்பாயிலும் செல்லுபடியான நாணயமே. நாம் நாள்தோறும் நடக்கும் மாதுங்காவில் ஒரு காலத்தில் வேலையற்ற இளைஞர் ஒருவர் தம் குடும்பத்துடன் இருந்தார். புனேயின் பிரபாத் நிறுவனத்தில் அவருக்கிருந்த ஒப்பந்தம் 1947 இல் முடிந்துவிட்டது. ஏறத்தாழப் பத்து மாதங்கள் வேலையின்றிக் கழிந்தன. அவர்தாம் குரு தத். பிரபாத்தில் இருந்த நாளில் தேவ் ஆனந்தும் அவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருந்தனர்: தாம் படம் தயாரித்தால் குரு தத்தே இயக்குநர் என்று தேவ் ஆனந்தும், தாம் இயக்கினால் தேவ் ஆனந்தே நாயகன் என்று குரு தத்தும். நவ்கேத்தன் நிறுவனம் எடுத்த 'பாஸி' 1951 இல் வெளிவந்தபோது அவ்வாக்கு நிறைவேறியது. ஒரு பெருங்கலைஞரை நமக்குத் தந்தது, வறுமையில் இருவர் கொடுத்துக்கொண்ட வாய்ச்சொல்.

செம்பூரில் இருந்தவர் கதை வேறு. ராஜ் கபூர் எவருடைய அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. 1948 இல், தமது இருபத்து நான்காம் வயதில், 'ஆக்' படத்தைத் தாமே தயாரித்துத் தாமே இயக்கினார். அதே ஆண்டில் ஆர்.கே. ஸ்டுடியோவையும் நிறுவினார். தந்தை பிருத்விராஜ் கபூரின் பெயர் அவருக்குப் பின்னால் நின்றது. தம்மைத் தாமே அமர்த்திக்கொள்ளும் இவ்வழி பணமோ பெயரோ உள்ளவர்க்கே எளிது. ஆனால் வேறு வழியின்றி இதை மேற்கொண்டவரும் உளர். இந்தியாவின் முதல் பெண் இயக்குநரான ஃபாத்மா பேகம் 1926 இல் தம் சொந்த நிறுவனத்திலேயே படம் எடுத்தார். தமிழில் டி.பி. ராஜலட்சுமி 1936 இல் 'மிஸ் கமலா'வைத் தாமே தயாரித்து இயக்கினார். பெண்ணொருத்திக்குப் பிணை நிற்க ஆடவர் எவரும் முன்வராத காலத்தில், அவர்களே தமக்குப் பிணையானார்கள். அந்த ஆர்.கே. ஸ்டுடியோவை 2017 இல் தீ விழுங்கியது. 2019 இல் அவ்விடத்தைக் கோத்ரெஜ் நிறுவனம் வாங்கிற்று. அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் நுழைவாயிலைச் சுட்டிக் காட்டி மகனை மகிழ்வித்தவர்கள் நாங்கள்தாம். அவன் உள்ளே போக விரும்பியபோது அஞ்சியவர்களும் நாங்கள்தாம்.

மேடை மற்றொரு சாட்சி. கே. பாலசந்தர் சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகங்கள் நடத்தினார். அந்நாடகங்களின் புகழே 1964 இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதும் வாய்ப்பை அவருக்குத் தந்தது. மறு ஆண்டே 'நீர்க்குமிழி'யை இயக்கினார். மேடையில் ஒரு கூட்டம் சிரித்ததையும் அழுததையும் தயாரிப்பாளர் தம் கண்ணால் காண முடியும். இங்கே பிணை நின்றவர்கள் பார்வையாளர்களே. ஷண்முகானந்தா அரங்கில் நாடகம் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

ஒரு மொழியில் பெற்ற வெற்றி மற்றொரு மொழிக்குக் கடிதமாவதும் உண்டு. வீனஸ் பிக்சர்ஸ் தயாரிப்பில் 1959 இல் 'கல்யாணப் பரிசு' தந்த ஸ்ரீதர், அதே கதையை 'நஸ்ரானா' என்று இந்தியில் எடுத்தபோது செம்பூரின் ராஜ் கபூரே நாயகனாக நடித்தார். பாலசந்தரின் 'மரோ சரித்ரா' தெலுங்கில் வென்றமையால் 1981 இல் 'ஏக் தூஜே கே லியே' பிறந்தது. முருகதாஸின் 'கஜினி' 2008 இல் இந்திக்குச் சென்றதும், அட்லீ 2023 இல் 'ஜவான்' படத்தை இயக்கியதும் இவ்வழியில் வந்தவையே. இவர்களை அழைத்தவர்கள் வெற்றி என்னும் மொழியை அறிந்தவர்கள். ஆனால் இவ்வழி முதற்படத்தை முன்பே முடித்தவர்க்கு உரியது. முதற்படம் கிடைப்பது எங்ஙனம் என்பதே எங்கள் வீட்டின் கவலையாக இருந்தது.

தமிழில் அதற்கு நெடுங்காலமாக வழங்கிவந்த விடை, உதவி இயக்குநராகச் சேர்தல். இது குருகுலம் போன்றது. புட்டண்ணா கனகாலிடம் பயின்ற பாரதிராஜா, எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரித்த '16 வயதினிலே' படத்தை 1977 இல் தந்தார். அவரிடம் பயின்ற பாக்யராஜ் 1979 இல் 'சுவரில்லாத சித்திரங்கள்' எடுத்தார். பாக்யராஜிடம் பயின்ற பாண்டியராஜன் 1985 இல் 'கன்னி ராசி'யையும், பார்த்திபன் 1989 இல் 'புதிய பாதை'யையும் இயக்கினர். ஒருவர் ஏறிய ஏணியில் அடுத்தவர் ஏறினார். "இன்னாரிடம் இருந்தவன்" என்ற இரண்டு சொற்கள், தயாரிப்பாளரின் அறைக் கதவைத் திறக்கும் சாவி.

எங்கள் மகன் இவ்வழியைத்தான் பற்றினான். இந்தித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூன்றாம் உதவியாளனாகச் சேர்ந்தான். காட்சி எண் எழுதுவது, நடிகர்க்கு உடை சரியாக வந்ததா என்று பார்ப்பது, முந்தைய காட்சியில் கைக்கடிகாரம் எந்தக் கையில் இருந்தது என்று நினைவில் வைப்பது, இவையே அவன் பணி. விடியுமுன் புறப்பட்டு நள்ளிரவில் திரும்புவான். ஊதியம் மூன்று மாதம் கழித்து வரும். சில வேளை வாராமலும் போகும். குருகுலத்தில் சோறு உண்டு. இங்கே அதை நாங்கள் போட்டோம். ஐந்தாறு ஆண்டுகள் வீட்டுச் சோற்றில் காத்திருக்க இயன்றவனே இக்குருகுலத்தில் தங்க இயலும் என்பதை அப்போது உணர்ந்தோம். தாராவியில் நாள் கூலியால் நடக்கும் வீட்டுப் பிள்ளை, எத்துணைத் திறமை இருப்பினும், இரண்டாம் மாதமே வேறு வேலைக்குப் போய்விடுவான்.

தொலைக்காட்சியின் வழக்கத்தையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பம்பாய் வந்த அதே 1972 இல், அக்டோபர் 2 ஆம் நாள், இந்நகரின் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. அந்நாளில் நிகழ்ச்சியை உருவாக்கியோர் பெரும்பாலும் அரசு ஊழியர். 1984 இல் 'ஹம் லோக்' வந்தது; விளம்பரதாரர் பணத்தில் தொடர் எடுக்கும் முறை வேரூன்றியது. பின்னர்த் தனியார் அலைவரிசைகள் வந்து, நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடர்கள் பெருகின. திரைப்படத்தில் கப்பலின் தலைவராக இருப்பவர், இத்தகைய தொடரில் அன்றாடம் ஓட்டும் ஓட்டுநராகிறார். கதை எழுத்தாளர் கையில். நடிகர் தேர்வு தயாரிப்பாளர் கையில். எதற்கும் இறுதி ஒப்புதல் அலைவரிசையின் படைப்புப் பிரிவினர் கையில். இயக்குநர்க்கு ஊதியம் நாளுக்கு இவ்வளவு, அல்லது பகுதிக்கு இவ்வளவு. பார்ப்போர் எண்ணிக்கை குறைந்தால் முதலில் மாறுவது அவர் பெயராகவும் இருக்கலாம். ஒளிபரப்பு நெருங்கி ஒரே நாளில் இரு குழுக்கள் படமாக்க நேர்ந்தால், இரண்டாம் குழுவுக்கு ஒருவர் அவசரமாகத் தேவைப்படுவார். உதவியாளன் இயக்குநராவது பெரும்பாலும் அத்தகைய நெருக்கடி நாளில்தான்.

அமெரிக்காவிலும் இதே நிலைதான் எனலாம். அங்கே தொடரை உருவாக்கிய தலைமை எழுத்தாளரே அரசர். இயக்குநர் பகுதிதோறும் மாறும் விருந்தாளி. முதற்பகுதியை இயக்குபவர்க்கு மட்டும் சிறப்பு அதிகம். தொடரின் முகத்தை அமைப்பவர் அவரே. இம்முறை இப்போது தமிழுக்கும் வந்துவிட்டது. 2022 இல் இணையத்தில் வெளியான 'சுழல்' தொடரை உருவாக்கி எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி இணையர். பகுதிகளை இயக்க அவர்கள் தேர்ந்தவர்கள் பிரம்மாவும் அனுசரணும். 'குற்றம் கடிதல்', 'கிருமி' என்ற முந்தைய படங்கள் அவ்விருவர்க்கும் சாட்சியாக இருந்தன. தொடரிலிருந்து படத்துக்குச் செல்லும் பாதையும் இல்லாமற் போகவில்லை. 2002 முதல் 2005 வரை நம் வீடுகளில் எல்லாம் ஓடிய 'மெட்டி ஒலி'யை இயக்கிய திருமுருகன், 2006 இல் 'எம் மகன்' என்ற திரைப்படத்தை இயக்கினார். அவர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் மகன் எங்களை நெடுநாள் சமாதானப்படுத்தினான்.

உறவின் துணையையும் மறைக்காமல் பேச வேண்டும். பம்பாயின் ஜம்னாலால் பஜாஜ் நிறுவனத்தில் மேலாண்மை பயின்ற மணிரத்னம் எவரிடமும் உதவியாளராக இருந்தவரல்லர். தந்தை வீனஸ் பிக்சர்ஸின் விநியோகத்தில் இருந்தவர்; மாமா அந்நிறுவனத்தின் கிருஷ்ணமூர்த்தி. அம்மாமா இசைந்தபோதும் நிபந்தனை விதித்தார்: படம் கன்னடத்தில் இருக்க வேண்டும், செலவும் சிறிதாக இருக்க வேண்டும். 1983 இல் 'பல்லவி அனுபல்லவி' அவ்வாறு பிறந்தது. நாயகனாக நடித்தவர் நம் செம்பூர் இளைஞர் அனில் கபூர். மாமன் என்பதற்காக முழுப் பெட்டியையும் திறந்துவிடவில்லை. இழந்தாலும் தாங்கும் அளவே கொடுத்தார். நான்கே ஆண்டுகளில் அதே இயக்குநர் 'நாயகன்' எடுத்து, நம் தாராவியை உலகறியச் செய்தார். அத்தாராவியின் பெரும்பகுதி தோட்டா தரணியின் கைவண்ணத்தில் சென்னையில் எழுந்த அரங்கம் என்பது, இங்கே வாழ்ந்த நமக்குச் சற்றே சிரிப்பூட்டும் செய்தி. உறவு கதவைத் திறக்கும். திறந்த கதவுக்குள் நிலைத்திருப்பது உழைப்பால். எனினும் திறப்பதற்கு மாமன் இல்லாதவன் என் செய்வான்?

அரசு அம்மாமனாக இருக்க முயன்றது உண்டு. 1960 இல் புனேயில் திரைப்படக் கல்லூரி தொடங்கிற்று. அதே ஆண்டில் திரைப்பட நிதிக் கழகமும் அமைந்தது. குழு கூடிக் கதையைப் படித்துப் பணம் வழங்கும் முறை அதனால் வந்தது. அந்நிதிக் கழகத்தின் வழிவந்த தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் தூர்தர்ஷனும் சேர்ந்து தயாரித்ததே, சுதீர் மிஸ்ரா 1992 இல் தந்த 'தாராவி'. தமிழகத்திலும் அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர் ஆபாவாணனும் நண்பர்களும் 1986 இல் 'ஊமை விழிகள்' எடுத்து, கல்லூரிச் சான்றிதழும் பிணையாகும் என்று மெய்ப்பித்தனர்.

2011 இல் ஒருநாள் மகன் வந்து, தான் பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்க விரும்புவதாகவும், ஒன்றரை லட்சம் ரூபாய் வேண்டும் என்றும் கேட்டான். "வாயால கதை சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, அப்பா. கையில காட்ட ஒண்ணு வேணும்" என்றான். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியைப் பற்றி விரித்துரைத்தான். நாங்கள் மறுத்தோம். வங்கித் தேர்வு எழுதச் சொன்னோம். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான்.

அதே வாரத்தில் ஊர்க்காரர் ஒருவரின் மகன் கடை வைக்க வாங்கிய கடனுக்கு நாங்கள் பிணைக் கையெழுத்து இட்டோம். தொகை மூன்று லட்சம். பத்திரத்தை மடித்து உறையில் இடும்போது எங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதப் படிக்க அறியாதவர்கள். "ஏலே, ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கையெழுத்துப் போடுதியே, நம்ம பிள்ளைக்குப் போட மட்டும் கை கூசுதோ?" என்று கேட்டார்கள். எங்களிடம் விடை இல்லை. கடை கண்ணுக்குத் தெரியும். படம் தெரியாது என்பதா? தோல் கிடங்கில் அந்தப் பெரியவர் எங்களுள் எதைக் கண்டு வேலை கொடுத்தார்? விடை தேடிக்கொண்டிருக்கும்போதே மகன் தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். மறுநாள் நாங்கள் நீட்டிய பணத்தை அவன் வாங்கவில்லை. "தேவைப்பட்டா அப்புறம் கேக்கேன்" என்றான், பிறகு கேட்கவேயில்லை.

குறும்படம் 90 அடிச் சாலையின் சந்து ஒன்றில் எடுக்கப்பட்டது. பரிசு எதுவும் பெறவில்லை. ஆனால் அவன் சொன்னது பிழையன்று என்று காலம் காட்டிற்று. 'நாளைய இயக்குந'ரில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012 இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013 இல் 'சூது கவ்வும்' படத்தையும் தந்தனர். இரண்டையும் தயாரித்தவர் சி.வி. குமார், பா. இரஞ்சித்தின் முதற்படமான 'அட்டகத்தி'யைத் தயாரித்தவரும் அவரே. தயாரிப்பாளர்க்குச் சொல்லாகவும் உறவாகவும் அதுவரை வந்த சாட்சி, இப்போது பொருளாகவே வந்தது. முக்காலியை ஆட்டிப் பார்ப்பதுபோல் பதினைந்து நிமிடத்தைப் பார்த்துவிட முடியும் அன்றோ?

இரஞ்சித்தைப் பற்றி மேலும் ஒன்று. 2018 இல் அவர் இயக்கிய 'காலா' தாராவித் தமிழரின் நில உரிமையைப் பேசிற்று. அதே ஆண்டில் அவர் தயாரிப்பாளராகவும் நின்று, மாரி செல்வராஜ் என்ற புதியவர்க்குப் 'பரியேறும் பெருமாள்' படத்தை ஒப்படைத்தார். நம் தாமிரவருணிச் சீமையின் வாழ்வைச் சொல்லிய படம் அது. எவருக்காகவும் பரிந்து பேச ஆளில்லாத வீடுகளிலிருந்து வந்தவர், தாம் உள்ளே நுழைந்த பின் கதவைச் சாத்திக்கொள்ளாமல் பிடித்து நின்றார். தோல் கிடங்கின் மாமன் செய்ததும் இதுவே.

எங்கள் மகனுடைய கதை இத்தகைய வெற்றிக் கதையன்று. 2014 இல் பட நிறுவனம் ஒன்று அவன் கதையைக் கேட்டு முன்பணமாகப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்தது. "நாயகன் யார்?" என்று தயாரிப்பாளர் கேட்டார். நாயகனிடம் சென்றால், "தயாரிப்பாளர் யார்?" என்று கேட்டார்கள். இவ்விரு கேள்விகளுக்கு இடையே ஓராண்டு கழிந்தது; பின்னர் அந்நிறுவனத்தார் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டனர். அவன் மீண்டும் தொடர்களுக்கே திரும்பினான். ஒருநாள் இரண்டாம் குழுவுக்கு ஆள் தேவைப்பட்டபோது, பழைய குறும்படத்தைப் பார்த்திருந்த சக உதவியாளர் ஒருவர் அவன் பெயரைச் சொன்னார். பத்து நாளுக்கு என்று சென்றவன் இன்றுவரை பகுதிகளை இயக்கிவருகிறான். அவன் பெயர் திரையில் இரண்டு நொடி நிற்கிறது. முதல் நாள் எங்கள் அம்மா, "எது அவன் பேரு?" என்று கேட்டு எழுந்து நிற்பதற்குள் அது போய்விட்டது. மறுநாள் திரையின் அருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

முதற்படம் இன்னும் வரவில்லை. வருமா என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு வாய்ப்புத் தராதவர்களை நாங்கள் நோகவில்லை. தம் பணத்தைக் காப்பது அவரவர் உரிமை. நாங்கள் நொந்துகொள்வது எங்களையே. முதற்சாட்சி வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அது ஒரு வாரம் தாமதித்து வந்தது. ஒரு வாரந்தான்; ஆயினும் அவன் வாங்காத அப்பணம் எங்கள் கையில் இன்னும் கனக்கிறது.

மலர் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் பொறியியல் படிக்கவும் மருத்துவம் படிக்கவும் உதவித்தொகை வழங்கும் நல்ல மரபு நம் சங்கங்களுக்கு உண்டு. அதனோடு ஆண்டுக்கு ஒருமுறை, தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களை ஒரு மாலைப் பொழுது அரங்கில் திரையிடலாம். நன்றாக எடுத்த ஒருவருக்கு அடுத்த படத்துக்கு வேண்டிய சிறு தொகையைத் தரலாம். திரைத் துறையில் இருக்கும் நம்மவர் ஒருவரை அழைத்து அம்மாலையில் முன்வரிசையில் அமர்த்தலாம். பெருஞ்செலவன்று. "யார் சொல்லி வந்தாய்?" என்று கேட்கப்படும் நம் பிள்ளை, "எங்கள் சங்கத்தார் சொல்லி வந்தேன், இதோ, அவர்கள் பார்த்த படம்" என்று சொல்லட்டும். சென்ற மாதம் தாராவியிலிருந்து ஒரு சிறுமி தன் கைப்பேசியில் எடுத்த ஏழு நிமிடப் படத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகன் படப்பிடிப்பில் இருந்தான். அவன் வரும்வரை அவளுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்து, படத்தை நாங்களே முதலில் பார்த்தோம். முதல் திரையிடலுக்கு எங்கள் பங்காக ஐயாயிரம் ரூபாயைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.